யாரும் திட்டாத ஆட்டக்காரர்

"யாருமே என்னைத் திட்ட மாட்டேங்கிறாங்க, கோச்."

ரெஜினா கோச்சுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. ஊரில் அவனவன் திட்டு வாங்காமல் ஒரு நாளை ஓட்டப் படாத பாடு படுகிறான். இந்த மனுஷனுக்கு இப்படி ஒரு குறை!

ஆனால் குணராஜின் முகம் வாடிக் கிடந்தது. அதனால் சிரிப்பை விழுங்கிக்கொண்டார்.

குணராஜ் லேசுப்பட்ட ஆள் இல்லை. மலேசிய தேசியக் கால்பந்து அணிக்கு எண்பது ஆட்டம் ஆடியவர். வடசென்னையின் கூட்ஸ் ஷெட் கிளப் அவரை ஒப்பந்தம் செய்த அன்று பேட்டை முழுக்கப் பட்டாசு வெடித்தது.

நாலு மாசம் ஆயிற்று. ஜெயித்தது இரண்டே ஆட்டம். ஞாயிற்றுக்கிழமை கடைசி ஆட்டம். அதில் ஜெயிக்காவிட்டால் கிளப் கீழ்ப் பிரிவுக்கு இறங்க வேண்டியதுதான்.

"போன வாரம் பெனால்ட்டியை வானத்துக்கு அடிச்சேன். நம்ம கேப்டன் எபி ஓடி வந்து 'பரவாயில்லை சார்'ங்கிறான். பரவாயில்லையாம்! எங்க ஊர்ல இருந்திருந்தா என் குடும்பத்தையே இழுத்திருப்பானுங்க."

"அதுக்கு?"

"ஞாயித்துக்கிழமை என்னை வெளியே உட்கார வைங்க கோச். நான் வர்றதுக்கு முன்னாடி இந்தப் பசங்க நல்லாத்தான் ஆடியிருக்காங்க. என்னால கிளப் இறங்கிச்சுன்னா என்னால தாங்க முடியாது."

ரெஜினா விசிலை எடுத்து ஊதினார்.

"எல்லாரும் வாங்கடா! பத்து நிமிஷம் ஆட்டம்!"

பந்து குணராஜின் காலுக்கு வந்தது. கேப்டன் எபினேசர் இடது பக்கம் தனியாக நின்றான்.

"சார், இந்தப் பக்கம் யாரும் இல்ல சார், உங்களுக்கு முடிஞ்சா..."

முடியவில்லை. அவன் மரியாதையைச் சொல்லி முடிப்பதற்குள் எதிராளி பந்தைப் பறித்துக்கொண்டு ஓடியே போய்விட்டான்.

"சாரி சார்," என்றான் எபினேசர். தப்பு இவனுடையதாம்!

ரெஜினா குணராஜை ஓரமாகக் கூப்பிட்டார்.

"நம்ம லீக்ல சம்பள வரம்பு இருக்கு, தெரியுமில்ல? மொத்த அணிக்கும் இவ்வளவுதான். அதுக்கு மேல ஒரு ரூபா போகக் கூடாது. நீங்க உள்ளே வரணும்னா மூணு பேர் வெளியே போகணும். மூணு பேரை எழுதி எபிகிட்ட காட்டினேன்."

"யார் அந்த மூணு பேர்?"

"யாரா இருந்தா என்ன? அவன் சீட்டைக் கிழிச்சுப் போட்டுட்டான். இருபது பேரையும் உட்கார வெச்சுப் பேசினான். ஆளாளுக்குத் தன் சம்பளத்தைக் கொஞ்சம் குறைச்சுக்கிட்டாங்க. யாரும் போகலை. நீங்க வந்தீங்க."

குணராஜ் அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டார்.

தூரத்தில் எபினேசர் ஷூவைக் கழற்றி மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தான். காலையில் கூரியர் வண்டி ஓட்டிவிட்டு மத்தியானம் பயிற்சிக்கு வருகிறவன். ஷூவில் மூன்று இடத்தில் தையல். நாலு மாசமாக அந்தத் தையல் குணராஜின் கண்ணில் படவே இல்லை. இப்போது அவனைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

"ஏன் கோச் என்கிட்ட சொல்லலை?"

"சொல்லக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கினாங்க. இப்ப உடைச்சிட்டேன்."

"என் சம்பளத்தைக் குறைச்சுடுங்க. இன்னைக்கே."

"சீசன் முடியற வரைக்கும் யார் ஒப்பந்தத்தையும் தொட முடியாது. அடுத்த வருஷம் தாராளமா குறைச்சுக்கலாம். குறைச்சா மட்டும் திட்டிடுவாங்களா?"

குணராஜ் புல்லைப் பிடுங்கினார்.

"எங்க அக்கா வீட்டுல எல்லாரும் பணம் போட்டு ஒரு சோபா வாங்கினாங்க," என்றார் ரெஜினா. "மூணு வருஷமாச்சு. இன்னும் பிளாஸ்டிக் உறையைப் பிரிக்கலை. அத்தனை பேரும் தரையிலதான் உட்கார்றாங்க."

"அப்ப நான் என்னதான் செய்யணும்?"

"இந்த நாலு மாசத்துல நீங்க யாரையாவது திட்டியிருக்கீங்களா?"

"சே சே! தங்கமான பசங்க. மனசு கஷ்டப்படும்ல."

"மனசு கஷ்டப்படும்ல," என்று அவர் சொன்னதையே ரெஜினா திருப்பிச் சொன்னார். பிறகு பந்துப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு நடையைக் கட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை. முதல் பாதியில் கோல் இல்லை.

இரண்டாம் பாதியில் எபினேசர் அசட்டையாக ஒரு பந்தைத் தட்டினான். அது நேராகக் கோட்டுக்கு வெளியே போய் விழுந்தது. வழக்கமாக இந்த மாதிரி நேரத்தில் குணராஜ் கட்டை விரலைத் தூக்கிக் காட்டி, 'நல்ல முயற்சி தம்பி' என்பார்.

"டேய் எபி! கண்ணை எங்கடா வெச்சிருக்கே? இங்க ஒருத்தன் நிக்கிறேன், தெரியலை?"

எபினேசர் சிலையாக நின்றான். கிளப் செயலாளர் தலையில் கை வைத்துக்கொண்டார். ரெஜினா பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்தார்.

குணராஜுக்கே பயமாகிவிட்டது. ஐயோ, பையன் மனசை உடைத்துவிட்டோமோ? ஆனாலும் விடவில்லை. அடுத்த பத்து நிமிஷத்தில் கோல் கீப்பருக்கு ஒரு திட்டு விழுந்தது. எபினேசருக்கு இன்னும் இரண்டு. அவன் முகம் சிவந்துகொண்டே வந்தது.

எண்பத்தேழாவது நிமிஷம். பந்து குணராஜின் காலில். இரண்டு பேர் அவரைச் சுற்றி வளைத்துக்கொண்டார்கள். பழைய ஞாபகத்தில் இரண்டு பேரையும் ஏய்த்துப் பார்க்கலாம் என்று குனிந்தார்.

"யோவ் கிழவா! பந்தை விடுய்யா! நான் என்ன வேடிக்கை பார்க்கவா வந்தேன்?"

குரல் இடது பக்கமிருந்து வந்தது. நிமிர்ந்துகூடப் பார்க்காமல் பந்தை அங்கே தள்ளினார்.

எபினேசர் உதைத்த உதையில் வலை ஆடியது.

அணி மொத்தமும் அவன் மேல் விழுந்து புரண்டது. குவியலுக்கு அடியிலிருந்து தவழ்ந்து வெளியே வந்த பிறகுதான் வாயிலிருந்து என்ன வந்தது என்பது அவனுக்கு உறைத்தது. எதிரே குணராஜ் நின்றார். எபினேசர் கையைக் கூப்பினான்.

"சார், ஏதோ வேகத்துல வாய் தவறி..."

குணராஜ் அவன் காதைப் பிடித்தார். அவர் கண்ணிலிருந்து நீர் பொலபொலவென்று கொட்டியது.

"இன்னொரு தடவை சார்னு சொல்லு, உதைக்கிறேன்."