வாசல் பூசணிக்குப் பல் வெளியே வந்தது எப்படி

பூசணிக்காய்கூட வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், பூச்சாண்டி கூப்பிட்டால் வந்துவிடுவான். இப்போது போல வெறும் பேச்சு இல்லை. "சாப்பிடு, இல்லேன்னா பூச்சாண்டியைக் கூப்பிடுவேன்" என்று எந்த அம்மா சொன்னாலும், "கூப்பிட்டீங்களா?" என்று வாசலில் நிற்பான். குழந்தையை ஒன்றும் செய்ய மாட்டான். தட்டில் இருக்கும் சோற்றை வழித்துத் தின்றுவிட்டு, ஏப்பம் விட்டுக்கொண்டே போய்விடுவான்.

இதில் அதிகம் அடிபட்டது செங்கமலத்தின் வீடு. அவள் மகன் மருதனுக்கு மூன்று வயது. ஒரு வாய் ஊட்ட ஊரையே சுற்றிவர வேண்டும். செங்கமலத்துக்கோ அந்தப் பெயர் நாக்கு நுனியிலேயே இருந்தது. சொல்லக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொள்வாள். இரண்டாம் கவளத்துக்குள் சொல்லிவிடுவாள். பூச்சாண்டி பெருத்தான், மருதன் இளைத்தான். பிள்ளையின் விலா எலும்பைப் பார்த்து அவள் அழுதாள். பட்டால்தான் தெரியும் என்பார்கள். இவள் நாக்குக்குப் பட்டும் தெரியவில்லை.

"அவனைவிடப் பயங்கரமா ஒண்ணு செஞ்சு வாசல்ல வைப்போம்மா" என்றாள் மூத்தவள் பவளம்.

கூரைமேல் ஒரு வெள்ளைப் பூசணிக்காய் படுத்திருந்தது. அதை இறக்கினார்கள்.

"என்னைக் கூட்டு வைக்கப் போறீங்களா?" என்று அது நடுங்கியது.

"இல்லை, உனக்கு மூஞ்சி வைக்கப் போறோம்."

"கூட்டுக்கு இது தேவலை" என்றது பூசணி.

குடும்பமே சுற்றி உட்கார்ந்தது. செங்கமலம் அடுப்புக்கரியால் தோசை அளவுக்கு இரண்டு கண் போட்டாள். அப்பா முத்தையன் மீசை வரைந்தார். தனக்கு வளராத மீசையையெல்லாம் அதில் வளர்த்தார். பவளம் மஞ்சளில் சுண்ணாம்பைக் குழைத்து, அது சிவந்ததும் நாக்கைத் தொங்கவிட்டாள். "நானு, நானு" என்று மருதன் மேலே விழுந்தான். சரி, பல்லை நீ வை என்று விட்டார்கள். ஒரு பல்கூட வாய்க்குள் விழவில்லை. தாடையில் நாலு, கன்னத்தில் ரெண்டு.

"கூசுதுடா தம்பி" என்று பூசணி நெளிந்தது. கயிறு கட்டி அதை வாசல் நிலையில் தொங்கவிட்டார்கள்.

விளக்கு வைத்த நேரம். மருதன் வாயை இறுக்கி மூடிக்கொண்டான். செங்கமலத்தின் வாய் வழக்கம்போலத் திறந்துகொண்டது. பூச்சாண்டி வந்து நின்றான்.

அண்ணாந்து பார்த்தான். அவன் பயப்படவில்லை. தோள் துண்டை எடுத்து மரியாதையாக இடுப்பில் கட்டிக்கொண்டான்.

"அண்ணே, நீங்க யாரு?"

பூசணிக்குக் கூட்டுச் சட்டி கண்முன்னால் வந்தது. "நான்தான் இந்த வீட்டுப் பூச்சாண்டி. இன்னைக்குத்தான் வேலைக்குச் சேர்ந்தேன்" என்றது.

"தலை மட்டும்தானே இருக்கு? உடம்பு எங்கே?"

"உள்ளே சாப்பிட்டுக்கிட்டு இருக்கு."

பூச்சாண்டியின் முகம் வாடியது. ஆனாலும் சந்தேகம் விடவில்லை. "அது சரி, பல்லெல்லாம் ஏன் வெளியே இருக்கு?"

பூசணி கயிற்றில் மெல்லச் சுழன்று முகத்தைத் திருப்பிக்கொண்டது. செங்கமலம் தட்டை முந்தானையால் மறைத்தாள். இன்றைக்கும் போச்சு பிள்ளையின் சோறு என்று நினைத்தாள்.

உள்ளிருந்து மருதன் பெருமையாகக் கத்தினான்: "அது நான் வச்ச பல்லு!"

பூச்சாண்டிக்கு வியர்த்தது. "இவ்வளவு பெரிய மீசைக்காரரையே பிடிச்சு, பல்லை இடம் மாத்தி வச்ச பிள்ளையா இது!" என்று தன் வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு ஓடினான். துண்டு அவிழ்ந்து விழுந்ததைக்கூட எடுக்கவில்லை.

அவன் ஓடுவதைப் பார்த்து மருதன் வாயெல்லாம் திறந்து சிரித்தான். அந்த வாய்க்குள் செங்கமலம் ஒரு கவளத்தைத் தள்ளினாள். அவன் விழுங்கிவிட்டு இன்னொன்று கேட்டான். அவள் சிரித்துக்கொண்டே அடுத்த கவளத்தை உருட்டினாள்.

அன்று முதல்தான் வீட்டு வாசல்களில் மீசை வைத்த பூசணிக்காய் தொங்குகிறது. பூச்சாண்டியும், எத்தனை அம்மாக்கள் கூப்பிட்டாலும், தெருமுனையிலிருந்தே அதன் பல்லைப் பார்த்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிவிடுகிறான்.