சனிக்கிழமைச் சல்லடை

எங்களுக்கு மடம் கிடையாது, ஆசிரமம் கிடையாது. சனிக்கிழமை காலை பதினொரு மணிக்குக் கணினித் திரையில் நாற்பது கட்டங்கள் திறக்கும். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு முகம். தமிழில் அறிவியல் செய்தி எழுதுகிறவர்கள் நாங்கள். வேறு வேறு ஊர், வேறு வேறு பத்திரிகை. குருகுலம் என்று எங்களுக்கு ஒன்று வாய்த்தது என்றால் அது இதுதான்.

குருவின் பெயர் ரிஸ்வானா. வயது முப்பத்து மூன்று. கடையநல்லூரில் பிறந்து கோயம்புத்தூரில் குடியிருக்கிறார். குரு என்று சொன்னால் முகத்தைச் சுளிப்பார். ஆகவே அதை எங்களுக்குள் மட்டும் வைத்துக்கொண்டோம்.

சீடர் குற்றாலிங்கம் அண்ணாச்சி. பாளையங்கோட்டைக்காரர், வயது ஐம்பத்து நான்கு. இருபத்தெட்டு வருஷம் நீதிமன்றச் செய்தி எழுதியவர். பத்திரிகை அந்தப் பகுதியைச் சுருக்கி, அவரைக் கொண்டுபோய் அறிவியல் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டது. குருவைவிடச் சீடருக்கு இருபத்தொரு வயது கூடுதல். அதைப் பற்றிக் கவலைப்பட்டவர் அவர் ஒருவர்தான். முதல் நாளே ரிஸ்வானாவை 'டீச்சரம்மா' என்று கூப்பிட்டார். அதில் கொஞ்சம் குத்தல் இருந்தது. ரிஸ்வானா அதைக் காதில் வாங்கியும் வாங்காததுபோல் இருந்தார்.

குழுவில் ஒரு வழக்கம் உண்டு. எழுதியது அச்சுக்குப் போகும் முன் குழுவில் போட வேண்டும். ஒரு நாள் முழுக்க அது அங்கே கிடக்கும். யாரும் பாராட்டக் கூடாது. கட்டைவிரல் படம் கூடாது, பூங்கொத்துப் படம் கூடாது. கேள்வி மட்டும் கேட்கலாம். இதற்கு நாங்கள் வைத்த பெயர் சல்லடை.

மற்றவர்கள் எழுத்தைச் சலிப்பதில் அண்ணாச்சி கெட்டிக்காரர். கூண்டில் நிற்கும் சாட்சியைக் கேட்பதுபோல் கேட்பார். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு வியர்த்துவிடும். ஆனால் தன்னுடையதை மட்டும் சல்லடையில் போட மாட்டார். அச்சில் வந்த பிறகு இணைப்பை அனுப்புவார், அவ்வளவுதான்.

ஒரு சனிக்கிழமை ரிஸ்வானா காரணம் கேட்டார்.

"போட்ட மறுநிமிஷம் எவனாவது தூக்கிட்டுப் போயிட்டா என்ன செய்ய, டீச்சரம்மா?" என்றார் அண்ணாச்சி. "கோர்ட்டு வாசல்ல நோட்டைச் சட்டைக்குள்ள வச்சுக்கிட்டு நின்ன ஆளு நான்."

"எனக்கு அப்படி நடந்திருக்கு, அண்ணாச்சி."

நாங்கள் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தோம். வௌவால்களைப் பற்றி மூன்று மாதம் அலைந்து எழுதியதை ஒரு நாள் காலையில் சல்லடையில் போட்டாராம். அன்று இரவுக்குள் அது ஓர் இணையதளத்தில் வேறொருவர் பெயரில் வந்துவிட்டது. எடுத்தவர் அப்போது குழுவில் இருந்தவர்தான்.

"பிறகு?" என்றார் அண்ணாச்சி.

"அதுல ஒரு தப்பு இருந்துச்சு. சாயங்காலம் ஒருத்தங்க கேள்வி கேட்டுக் கண்டுபிடிச்சாங்க. நான் திருத்திட்டேன். அவரு மத்தியானமே எடுத்துட்டுப் போயிட்டாரு."

நாற்பது கட்டங்களும் சிரித்தன. அண்ணாச்சியும் வாய்விட்டுச் சிரித்தார். ஆனால் அடுத்த வாரமும் அச்சில் வந்த பிறகுதான் இணைப்பை அனுப்பினார்.

அந்த மாதக் கடைசியில் அவருக்கு ஒரு நல்ல செய்தி சிக்கியது. கடலில் சொறிமீன், அதாவது ஜெல்லி மீன், பட்டால் என்ன செய்வது என்று ஒரு பல்கலைக்கழகக் குழு ஆராய்ந்திருந்தது. பட்ட இடத்தில் வினிகர் ஊற்றினால் விஷம் மேலும் இறங்காது என்பது முடிவு. வேறு எந்தப் பத்திரிகைக்கும் அது கிடைக்கவில்லை. பல்கலைக்கழகம் கொடுத்த இரண்டு பக்கக் குறிப்பை அண்ணாச்சி படித்தார். ஆய்வாளரிடம் போனில் பத்து நிமிஷம் பேசினார். பதினெட்டுப் பக்க ஆய்வுக் கட்டுரையும் கையில் இருந்தது. அதில் முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் பார்த்துக்கொண்டார்.

வியாழக்கிழமை அச்சில் வந்தது. நன்றாகவே எழுதியிருந்தார், அதைச் சொல்லத்தான் வேண்டும். படித்தவர்கள் மறக்க மாட்டார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் ஒன்பதாயிரம் பேர் அதைப் பகிர்ந்திருந்தார்கள்.

சனிக்கிழமை அண்ணாச்சி தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். இணைப்பை அனுப்பினார். பாராட்டக் கூடாது என்பது தெரியும், இருந்தாலும் எங்கள் முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரே ஒரு கேள்வி வந்தது. கேட்டவள் பாம்பனிலிருந்து ஜெனோவா. சமுதாய வானொலியில் வேலை, அப்பா கடலுக்குப் போகிறவர்.

"எந்தச் சொறிமீனுக்கு, அண்ணாச்சி?"

"சொறிமீனுக்குத்தாம்மா. அதுல என்ன எந்த?"

"எங்கப்பா அஞ்சு விதம் சொல்லுவாரு."

அவள் விரல் விட்டு எண்ணினாள். பெட்டி மாதிரி ஒன்று. நீலப் பை மாதிரி ஒன்று. சிவப்புக் குடை மாதிரி ஒன்று. இன்னும் இரண்டு. அந்தச் சிவப்புக் குடை பட்டால் மட்டும் புளிப்பு எதையும் கிட்டே கொண்டுபோகக் கூடாது, எரிச்சல் கூடிவிடும் என்று அப்பா சொல்வாராம். ஏன் என்று அவருக்குத் தெரியாதாம், அவளுக்கும் தெரியாதாம்.

அண்ணாச்சியின் கட்டம் இருண்டது. கேமராவை அணைத்துவிட்டுப் பதினெட்டுப் பக்கத்தையும் படித்தார். பதினோராம் பக்கத்தில் இருந்தது. அவர்கள் சோதித்தது பெட்டி மாதிரி இருக்கும் வகையை மட்டும். வேறு சில வகைகளுக்கு வினிகர் கேடு செய்யலாம், எல்லாவற்றுக்கும் ஊற்ற வேண்டாம் என்று அவர்களே எழுதியிருந்தார்கள். அண்ணாச்சியின் கட்டுரையில் அந்த வரி இல்லை.

மத்தியானம் அவருக்கு ஒரு போன் வந்தது. கடற்கரை ஊர் ஒன்றின் விளையாட்டுக் கழகச் செயலாளர் பேசினார். அடுத்த வாரம் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குக் கடல் நீச்சல் போட்டி, நூற்றிருபது பிள்ளைகள் வருகிறார்கள், உங்கள் கட்டுரையைப் படித்ததும் முதலுதவி மேசைக்குப் பன்னிரண்டு பாட்டில் வினிகர் வாங்கி வைத்துவிட்டோம் என்றார். ரொம்ப நன்றி ஐயா என்றும் சொன்னார். திரும்பக் கூப்பிடுகிறேன் என்று அண்ணாச்சி வைத்துவிட்டார். இதையெல்லாம் பிறகு எங்களிடம் அவரே சொன்னார்.

உடனே ரிஸ்வானாவைத் தனியாக அழைத்தார். மூச்சு விடாமல் பேசினார். செயலாளரிடம் விஷயத்தைச் சொல்லி பாட்டில்களை எடுக்கச் சொல்லிவிடுவாராம். இணையத்தில் இருக்கும் கட்டுரையில் ஒரு வரியை மாற்றிவிடுவாராம். யாருக்கும் தெரியாது, யாருக்கும் கேடும் இல்லை.

பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"இருபத்தெட்டு வருஷத்துல நான் ஒரு திருத்தம் போட்டதில்ல. கிழவனுக்கு அறிவியல் என்ன தெரியும்னு ஆபீஸ்ல ஏற்கெனவே பேசுதாங்க. இது வெளிய வந்தா அந்தப் பக்கமும் போயிரும். சத்தமில்லாம மாத்துனா போதாதா, டீச்சரம்மா?"

"என் பக்கத்தைத் திறங்க, அண்ணாச்சி."

சமூக ஊடகத்தில் ரிஸ்வானாவின் பக்கத்தை அண்ணாச்சி நூறு தடவை பார்த்திருக்கிறார். உச்சியில் எப்போதும் ஒரே பதிவு நிற்கும். பழையது என்று தள்ளிவிட்டுக் கீழே போய்விடுவார்.

"மேல என்ன இருக்கு? வாசிங்க."

அண்ணாச்சி வாசித்தார். வயிற்றுப்போக்குக்கு உப்புச் சர்க்கரைக் கரைசல் செய்வது பற்றி ஆறு வருஷத்துக்கு முன் ரிஸ்வானா எழுதியிருந்தார். ஒரு லிட்டர் தண்ணீருக்கு உப்பு அரை டீஸ்பூன் என்று எழுத வேண்டிய இடத்தில் அரைக் கரண்டி என்று எழுதிவிட்டார். அது தவறு, குழந்தைகளுக்கு ஆபத்து, தவறு என்னுடையது என்று அந்தப் பதிவு சொன்னது. சரியான அளவும் கீழே இருந்தது.

"விருது வாங்குனதெல்லாம் கீழ கிடக்கு," என்றார் அண்ணாச்சி. "ஆறு வருஷமா இது ஏன் உச்சில நிக்கி?"

"நான் தப்பா எழுதினதை ஒவ்வொரு கோடைக்கும் யாராவது பகிர்ந்துட்டுத்தான் இருக்காங்க. அது என்னைக்கு நிக்குதோ அன்னைக்கு நானும் எடுத்துருதேன்."

அண்ணாச்சி போனை வைத்துவிட்டுச் செயலாளரை முதலில் கூப்பிட்டார். பிறகு உட்கார்ந்து எழுதினார்.

அன்று சாயங்காலம் எங்கள் சல்லடையில் குற்றாலிங்கம் அண்ணாச்சியின் எழுத்து முதன்முறையாக வந்து விழுந்தது. அது திருத்தம். தீர்ப்பு எழுதுகிற பாணியில் எழுதியிருந்தார். எதைப் படித்தேன், எதைப் படிக்காமல் விட்டேன், அதனால் என்ன தவறு நேர்ந்தது என்று வரிசையாக. எனக்கு அதைப் படிக்கக் கஷ்டமாக இருந்தது. கூடவே அவர்மேல் ஒரு மரியாதையும் வந்தது.

நாங்கள் சலித்தோம். எந்தச் சொறிமீன் எப்படி இருக்கும், படம் எங்கே என்று ஒருவர் கேட்டார். கடற்கரையில் நிற்கிறவரிடம் வினிகர் இல்லாவிட்டால் என்ன செய்வது என்று இன்னொருவர் கேட்டார். வாசிக்கத் தெரியாதவர்களுக்கு இது எப்படிப் போகும் என்று கேட்டவள் ஜெனோவா. அண்ணாச்சி ஒவ்வொன்றுக்கும் எழுந்து ஓடினார். ஆய்வாளரை மறுபடி பிடித்தார், இந்த முறை ஒன்றரை மணி நேரம். ஜெனோவாவின் அப்பா ஐந்து வகையையும் தன் வாயால் சொல்லிக் குரல் பதிவு அனுப்பினார். எந்த வகை என்று தெரியாவிட்டால் வினிகர் வேண்டாம், கடல் தண்ணீரால் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்ற வரியை ஆய்வாளரே பார்த்துச் சரி என்றார். ஞாயிறு சாயங்காலத்துக்குள் திருத்தம் கட்டுரையைவிட நீளமாகிவிட்டது.

பத்திரிகை ஆசிரியர் அதைப் பத்தாம் பக்கத்தில் இரண்டு வரியாகப் போடலாம் என்றார். கட்டுரை வந்த இடத்திலேயே, அதே அளவில் வர வேண்டும் என்று அண்ணாச்சி நின்றார். ஆசிரியர் நன்றாகத் திட்டினார். கடைசியில் போட்டார். பக்கத்தை அவரிடமிருந்து பறிக்கவும் இல்லை.

நாற்பது பேரும் அவரவருக்குத் தெரிந்த துறைமுகங்களுக்கும் மீனவர் சங்கங்களுக்கும் அனுப்பினோம். வானொலியில் ஜெனோவாவின் அப்பா பேசினார். வெள்ளிக்கிழமை அண்ணாச்சி எண்ணிக்கையைப் பார்த்தார். அறுநூறு பேர் பகிர்ந்திருந்தார்கள். ஒன்பதாயிரத்துக்கு அறுநூறு என்று ஒரு வரி மட்டும் குழுவில் எழுதினார்.

ஞாயிற்றுக்கிழமை நீச்சல் போட்டிக்கு ஜெனோவா வானொலிக்காக நேரில் போயிருந்தாள். பதினொரு மணிக்கு அவளிடமிருந்து செய்தி வந்தது. ஒரு பெண்பிள்ளைக்குக் கையில் சொறிமீன் பட்டுவிட்டது. அழுதுகொண்டே கரையேறியது. யாரோ ஒருவர் கூட்டத்திலிருந்து வினிகர் பாட்டிலோடு ஓடிவந்தார், எங்கோ படித்தாராம். மேசையில் இருந்த செவிலியர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு பிள்ளையிடம் கேட்டார்.

"எந்த மாதிரி இருந்துச்சு, பாப்பா?"

மேசையில் திருத்தத்தோடு வந்த ஐந்து படமும் ஒட்டியிருந்தது. பிள்ளை சிவப்புக் குடையைத் தொட்டுக் காட்டியது. பாட்டிலை மூடி வைத்தார்கள். கடல் தண்ணீரால் கழுவி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். சாயங்காலம் பிள்ளை வீட்டுக்குப் போய்விட்டது.

அதைப் படித்து அழுததை அண்ணாச்சி எங்களிடம் மறைக்கவில்லை. அடுத்த சனிக்கிழமை அவருடைய சமூக ஊடகப் பக்கத்தின் உச்சியில் அந்தத் திருத்தம் நின்றது. இன்றும் நிற்கிறது.

இரண்டு மாதம் போயிற்று. அண்ணாச்சிக்கு மறுபடியும் ஒரு நல்ல செய்தி சிக்கியது. தாமிரபரணி மணலில் இருக்கும் ஒரு நுண்ணுயிரைப் பற்றியது. ஐந்து வாரம் அலைந்திருந்தார். வேறு யாரிடமும் இல்லாத செய்தி. அதைப் பற்றிப் பேசும்போதே முகத்தில் களை தெரிந்தது.

சனிக்கிழமைக் கூட்டம் முடியும் நேரம். எழுதியதைச் சல்லடையில் போடுவதற்காகத் திறந்து வைத்திருந்தார். விரல் பொத்தான்மேல் இருந்தது. பழைய கோர்ட்டுவாசல்காரர் அவ்வளவு சீக்கிரம் போய்விடுவாரா என்ன? தயங்கினார்.

"போடுதேன், டீச்சரம்மா," என்றார். "ஆனா இதையும் எவனாவது தூக்கிட்டுப் போயிட்டா?"

இந்த முறை அந்த 'டீச்சரம்மா'வில் குத்தல் இல்லை. அதை நாங்கள் நாற்பது பேரும் கவனித்தோம்.

ரிஸ்வானா சிரித்தார்.

"போகட்டும், அண்ணாச்சி. கேள்வியையும் சேத்து எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க."