துவர்ப்பைப் பங்கு போட்ட நால்வர்

கனமான எதுவும் ஒற்றை ஆள் தலையில் ஏறக் கூடாது. கீழப்பட்டி வெங்காய மண்டியில் மூட்டை தூக்கும் நாலு பேருக்கும் வேதம், சட்டம், சங்க விதி எல்லாம் இந்த ஒன்றுதான். அவர்களில் மூத்தவர் இருளப்பன். சடையாண்டிக்குக் கால் நீளம், பிச்சைமணிக்கு நாக்கு நீளம், மொக்கைச்சாமிக்குப் பசி நீளம்.

இருளப்பனுக்கு இரண்டு கண்ணிலும் புரை. "சர்க்கரை முந்நூத்தைம்பதுல நிக்குது. அது இறங்காம கண்ணுல கத்தி வைக்க மாட்டோம்" என்று கண்ணாஸ்பத்திரியில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கண் போனால் மண்டி வேலையும் போகும்.

சர்க்கரை டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். "மாத்திரையை விடாதீங்க. கூடவே நாவப்பழம், நெல்லிக்காய், வாழைப்பூ, தோலோட கொய்யான்னு சாப்பிடுங்க. அந்தத் துவர்ப்புல பாலிஃபீனால்னு ஒரு சத்து இருக்கு, சர்க்கரைக்கு நல்லதும்பாங்க. சாப்பிட்டு அரை மணி நேரம் நடங்க. இனிப்பை மனசால கூட நினைக்காதீங்க."

வெளியே வந்ததும் நால்வரும் வேப்பமரத்தடியில் கூடினார்கள்.

"இம்புட்டுப் பாரத்தையும் அண்ணன் ஒருத்தரே சுமக்கிறதா? நாம எதுக்கு இருக்கோம்?" என்றான் பிச்சைமணி.

பங்கு போட்டார்கள். துவர்ப்பு முழுக்க மொக்கைச்சாமிக்கு. நடை சடையாண்டிக்கு. இனிப்பை நினைக்காமல் இருக்கிற கடினமான வேலையைப் பிச்சைமணி தானே கேட்டு வாங்கிக்கொண்டான். மாத்திரை இருளப்பனுக்கு. இத்தனூண்டு சாமானைப் பங்கு போடுவது மண்டிக்கே கேவலம்.

"அப்ப எனக்குச் சாப்பிட மீதி என்னடா இருக்கு?"

"பூந்தியும் பால்கோவாவும்தான் அண்ணே. அதை யாரும் எடுத்துக்கலை" என்றான் பிச்சைமணி.

மறுநாளிலிருந்து மொக்கைச்சாமி தின்றான். அவன் தின்று முடித்ததும் சடையாண்டி அரை மணி நேரம் நடந்தான். பிச்சைமணி மிட்டாய்க் கடைக்கு எதிரே கண்ணை மூடி உட்கார்ந்து, நினைக்காமல் இருந்தான். பக்கத்தில் இருளப்பன் பூந்தி சாப்பிட்டார்.

பத்தாம் நாள் மொக்கைச்சாமியின் நாக்கு கத்தரிப்பூ நிறமானது. "நாலு நாளா வெளிக்குப் போகலை. இதையாவது யாராச்சும் பங்கு எடுத்துக்கங்கப்பா" என்று கெஞ்சினான். அன்றைக்கென்று எல்லோருக்கும் அவசர வேலை வந்துவிட்டது.

மூன்றாம் மாதம் சர்க்கரை பார்க்க ரத்தம் கொடுக்கும் நாள்.

"யாரு ரத்தம் குடுக்கிறது?" என்றார் இருளப்பன்.

"தின்னவன்தானே குடுக்கணும்? பூந்தி தின்ன ரத்தத்தைக் குடுத்தா டாக்டரம்மாவுக்குக் கோவம் வராதா?" என்றான் பிச்சைமணி.

இருளப்பன் என்ற பெயரில் மொக்கைச்சாமி கையை நீட்டினான். தொண்ணூற்றிரண்டு! கண்ணாஸ்பத்திரியில் ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். ரிப்போர்ட் யாருடையதோ அவன்தானே உள்ளே போக வேண்டும்? மொக்கைச்சாமி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனான்.

கண் டாக்டர் விளக்கடித்துப் பார்த்தார், இன்னொரு முறை பார்த்தார். "யோவ், இந்தக் கண்ணுல புரையே இல்லையேய்யா!"

மொக்கைச்சாமி ஓடி வந்தான். "அண்ணே! உங்க கண்ணு சரியாயிருச்சு. டாக்டரே வாயால சொல்லிட்டாரு!"

இருளப்பன் தேம்பித் தேம்பி அழுதார். நாலு பேரும் ஊர் திரும்ப பஸ் ஸ்டாண்டுக்கு வந்தார்கள். டிரைவர் டீக்கடையில் இருந்தார். இருளப்பன் பஸ் போர்டை நெடுநேரம் உற்றுப் பார்த்தார்.

"எழுத்து ஒண்ணும் தெரியலையேடா."

சடையாண்டி ஏறி, துண்டால் போர்டை அழுத்தித் துடைத்தான். அப்போதும் மங்கல்தான். நால்வரும் கவலையோடு யோசித்தார்கள்.

"கண்ணு சரின்னு பெரிய டாக்டரே சொல்லியாச்சு" என்றான் பிச்சைமணி. "அப்படின்னா புரை பஸ்ஸுக்குத்தான்."

"பாவம், எத்தனை நாளா இருந்துச்சோ! ஆளுக்கொரு மூலையாப் பிடிங்கடா, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிருவோம்" என்று இருளப்பன் தலைத்துண்டை இறுக்கிக் கட்டினார். பம்பருக்கடியில் தோளைக் கொடுத்த பிறகுதான் அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"ஏண்டா, முதல்ல இதுக்குச் சர்க்கரை பார்க்க வேண்டாமா?"

"டீசல் குடிக்கிற வண்டிக்கு ஏது அண்ணே சர்க்கரை?" என்றான் பிச்சைமணி. "நீங்க தூக்குங்க!"