மாசிலாமணியார் சிந்திய குழம்பு

பூந்துறைநல்லூர்ச் சிவன் கோயில் அன்னக்கூடத்தில் பந்திக்குக் குழம்பு ஊற்றுவதே மாசிலாமணியாரின் வேலை. ஒவ்வோர் இலையின் முன்னும் குனிந்து, "சாப்பிடுங்க சாமி" என்பார். உண்பவர் எவராயினும் அவருக்குச் சிவனே. அதற்கு மேல் பூசை எதையும் அவர் அறியார்.

ஒரு நாள் வாதம் வந்து அவருடைய வலக்கையைச் சாய்த்தது. இடக்கையால் பரிமாறினால் உண்பவருக்கு அவமதிப்பு. எனவே மணியக்காரர் சேதுராயர் அவரைப் பந்தியில் உட்காரவைத்தார். இரக்கத்தால் அன்று. தம் இடக்கையாலேயே அவர் இலையில் சோற்றைத் தள்ளினார்.

"உமக்கு இனி இந்தக் கைதான் ஓய். வாங்கிப் பழகிக்கும்."

பந்தியே சிரித்தது. மாசிலாமணியார் அந்தச் சோற்றையும் சிவன் தந்ததாகவே உண்டு எழுந்தார்.

வைத்தியர் ஒரு வழி சொன்னார். "நல்ல கையைக் கட்டிப் போடுங்க. வேற நாதியில்லேன்னு தெரிஞ்சாத்தான் அந்தக் கை எழுந்திருக்கும்."

அன்று முதல் மாசிலாமணியார் இடக்கையை இடுப்போடு துண்டால் இறுக்கிக்கொண்டு ஆற்றங்கரையில் அமர்ந்தார். ஒரு சட்டி மணலைக் கரண்டியால் மறு சட்டிக்கு மாற்றுவார். கரண்டி விழும், எடுப்பார். மறுபடி விழும்.

"சோறு வெந்துடுச்சா பெரியவரே?" என்பார்கள் குளிக்க வந்தவர்கள். ஒருவன் சட்டியை உதைத்தே கவிழ்த்தான். அவரோ வேட்டியை முடியவும் வாயைத் துடைக்கவும்கூட அந்தக் கையையே ஏவினார். கோடை போய் மழை வந்தபோது கரண்டி கையில் நின்றது. மறுபடி பரிமாற அனுமதி கேட்டு அன்னக்கூடத்துக்குப் போனார்.

"ஒரு சொட்டு வெளிய விழுந்தாலும் இந்தப் படி மிதிக்கக் கூடாது" என்றார் சேதுராயர்.

"சரிங்க."

அன்று பந்தி முழுவதும் சிந்தாமல் ஊற்றினார். எல்லாரும் எழுந்த பின் ஒரு பரதேசி வந்து, பசிக்கிறது என்று அமர்ந்தார். ஓய்ந்திருந்த கை நடுங்கியது. கொதிக்கும் குழம்பு பரதேசியின் மார்பில் கொட்டியது.

பரதேசி துடைக்கவில்லை. "இன்னும் கொஞ்சம் ஊத்து" என்றார்.

சேதுராயர் கரண்டியைப் பிடுங்கி, அந்தக் கையிலேயே ஓங்கி அடித்து, மாசிலாமணியாரை வெளியே தள்ளினார். திரும்பிப் பார்த்தபோது இலை மட்டும் இருந்தது.

மாலையில் சன்னதி திறந்த குருக்கள் அலறினார். லிங்கத் திருமேனியில் குழம்பு வழிந்துகொண்டிருந்தது. தொட்ட விரலைச் சுட்டது.

சேதுராயர் ஆற்றங்கரைக்கு ஓடிக் காலில் விழுந்து நடந்ததைச் சொன்னார். வீங்கிய கையை மடியில் வைத்திருந்த மாசிலாமணியார் அப்போதுதான் அழுதார்.

"ஐயோ, சாமிக்குச் சுட்டிருக்குமே."

தம் கை பட்ட அடியை மறந்து, இறைவன் மேனி பட்ட சூட்டுக்கு நொந்த அந்தப் பெருமானின் அன்பு என்றும் வாழ்க.