மாற்றக்கூடாத புரோகிராம்

பாட்டுக்கும் படத்துக்கும் போடுகிற லைசென்ஸை, பம்புசெட் மோட்டாரை இயக்கும் கம்ப்யூட்டர் புரோகிராமுக்கு ஒட்டிவிட்டு, "எல்லோருக்கும் திறந்தது" என்று பீற்றிக்கொண்டவர் நீங்கள்தான், முதலாளி! அப்படியே பகிரலாம், மாற்றிக் கொடுக்கக் கூடாது என்கிறது அந்த லைசென்ஸ்.

உங்கள் டீலரான என் கயத்தாறு கடையின் மெக்கானிக் இசக்கியம்மாள், கிணறு வற்றினால் மோட்டாரை நிறுத்தும் பகுதியை எழுதி, அதே லைசென்ஸில் உங்களுக்குக் கொடுத்தாள். பிறகு விவசாயிகளுக்காக உங்கள் புரோகிராமில் ஒரு தப்பைத் திருத்திக் கொடுக்க வந்தவளை, "லைசென்ஸைப் படிச்சியா? மாத்தக்கூடாது!" என்று விரட்டினீர்கள். அந்தத் தப்பால் பதினோரு மோட்டார்கள் கருகின.

நேற்று டீலர்கள் கூட்டத்துக்கு அவளை வரவழைத்தீர்கள்.

"ஏம்மா, புது பம்புக்கு உன் பகுதி ஒத்துவரலை. சாயங்காலத்துக்குள்ள மாத்திக் கொடு."

"மாட்டேன் சார்."

"அப்போ என் ஆட்கள் மாத்துவாங்க."

"மாத்திக்கட்டும் சார். ஆனா மாத்தினதை வெளியே கொடுக்க முடியாது. உங்க லைசென்ஸ்லதானே கொடுத்திருக்கேன்?"

"புரோகிராம்னா மாத்தாம எப்படிம்மா?"

"அதைத்தான் சார் போன மாசம் நான் கேட்டேன்."

டீலர்கள் மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். முதலில் தட்டியது நான்தான். அவள் சிரிக்கவில்லை; நிமிர்ந்து நின்றாள்.

முதலாளி, மாற்றவும் மாற்றியதைப் பகிரவும் விடுகிற, புரோகிராமுக்கென்றே எழுதிய லைசென்ஸை இன்றைக்கே போடுங்கள். அவளும் தன் பகுதிக்கு அதையே போடுவாள். கருகின மோட்டார்கள் போதும்!