சடையன் வளைவுக்கு ஒரு டிக்கெட்

“கொலைகாரன் கதைன்னா சனம் ஏன் சாமி இப்படி வாயைப் பிளந்துக்கிட்டுக் கேக்குது?”

தணிகாசலம் கேட்டபோது சாமி டீ ஆற்றிக்கொண்டிருந்தார். பதில் வரவில்லை. அவரிடம் கேள்வி கேட்டால் அப்படித்தான். வந்தால் வரும்.

மலையடிவாரத்தில் மடம். மடம் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். ஓட்டுக் கூரை, ஒரு கிணறு, வாசலில் புங்கமரம். சாமி அந்த மலைப்பாதையில் இருபது வருஷம் லாரி ஓட்டியவர், ஒருநாள் வண்டியை அங்கே ஓரங்கட்டி, சாவியைக் கிளீனரிடம் கொடுத்துவிட்டு இறங்கினார். திரும்ப ஏறவில்லை. லாரிச் சாமி என்று ஊர் பேர் வைத்துவிட்டது.

தணிகாசலம் அவருடைய சீடன். ஐம்பதை நெருங்குகிற ஆள். முன்பு ஆட்டோவில் மைக் கட்டி ஊர் ஊராகக் கத்தியவன். சர்க்கஸ், ஆடித் தள்ளுபடி, கண்ணீர் அஞ்சலி, எல்லாவற்றுக்கும் ஒரே குரல். அந்தக் குரலைக் கேட்டுத்தான் சாமி பௌர்ணமிக் கதையை அவனிடம் ஒப்படைத்தார். மலைக்கோயிலுக்கு வருகிறவர்களுக்கு மாதம் ஒரு மாலை கதை. முதலில் சுண்டல். சுண்டல் தீர்ந்ததும் கூட்டமும் தீர்ந்துவிடும்.

போன பௌர்ணமிக்குச் சடையன் கதை சொன்னான். கூட்டம் மதில்மேல் ஏறி உட்கார்ந்தது.

சடையனை அறியாதவர் அந்தப் பக்கம் யாரும் இல்லை. முப்பது வருஷத்துக்கு முன்னால், மலை ஏறுகிறவர்களோடு வழித்துணை என்று சேர்ந்துகொள்வான். இனிக்க இனிக்கப் பேசுவான். நாலாவது வளைவு வந்ததும் தோளில் கிடந்த துண்டு கைக்கு வரும். இப்படி ஏழு பேர். பிடிபட்டான், ஜெயிலில் செத்தான். வளைவு அவன் பேரை வைத்துக்கொண்டது.

தணிகாசலம் அன்றைக்குத் துண்டை உருவி இரண்டு கையிலும் சுற்றிக் காட்டினான். கூட்டம் ‘ஆ’ என்றது. அவன் ஆயுசில் அவனைப் பார்த்து யாரும் அப்படி ஒரு ‘ஆ’ சொன்னதில்லை.

“இந்தப் பௌர்ணமிக்கும் அதுதான் வேணுமாம் சாமி. ஆம்பூர் பக்கத்துலேருந்து வேன் புடிச்சு வராங்களாம்.”

சாமி டீயைக் குடித்தார்.

அப்போதுதான் அந்தப் பெண் வந்தாள். நாற்பது வயதிருக்கும். வாசலிலேயே நின்றாள்.

“கதை சொன்னவரு நீங்கதானே?”

தணிகாசலம் நிமிர்ந்து உட்கார்ந்தான். பாராட்ட வந்திருக்கிறாள் என்று நினைத்தான்.

“என் பேரு அஞ்சுகம். மேல பள்ளிக்கூடத்துல சத்துணவு சமைக்கிறேன். மரகதம் பொண்ணு.”

“எந்த மரகதம்?”

“பாத்தீங்களா? சடையன்னு சொன்னா, எந்தச் சடையன்னு கேப்பீங்களா?”

அவனுக்கு விளங்கவில்லை.

“அவன் கொன்னதுல ஒருத்தி எங்கம்மா.”

“அடடா!” என்றான். பிறகு குரல் தானாகத் தாழ்ந்தது. உடம்பு முன்னால் சாய்ந்தது. “அன்னிக்கு என்னம்மா நடந்துச்சு?”

அஞ்சுகம் அவனையே பார்த்தாள். “அதான் நீங்களே துண்டைச் சுத்திக் காட்டினீங்களே. நான் பின்னாடிதான் இருந்தேன்.”

சாமியின் டம்ளர் தரையில் வைக்கப்படும் சத்தம் கேட்டது.

“வேலைக்குப் போவணும்னா அந்த வளைவுலதான் நான் எறங்கணும்” என்றாள். “தெனம் காலையில கண்டக்டர்கிட்ட அவன் பேரைச் சொல்லித்தான் டிக்கெட் வாங்குறேன். போய், வாயைக் கொப்பளிச்சிட்டுத்தான் அடுப்புப் பத்த வைக்கிறேன். புள்ளைங்க திங்கிற சோறு. பஸ்ஸை என்னால ஒண்ணும் பண்ண முடியாது. உங்களைக் கேக்கலாம்னு வந்தேன். அந்தக் கதையை விட்டுடுங்க.”

“வேன்ல வராங்கம்மா...” என்றான் தணிகாசலம். “நான் விட்டாலும் ஊர் விடாது.”

அவள் சாமியைக் கும்பிட்டாள். போய்விட்டாள்.

“செத்தவங்க பேரைச் சொல்லு” என்றார் சாமி.

“மரகதம்.”

“அது இப்பத்தான் அவ சொன்னது. மத்தவங்க?”

“ஒரு வளையல்காரரு... அப்புறம் ஒரு வாத்தியாரு...”

“பேரு.”

தணிகாசலம் கூரையைப் பார்த்தான். ஓடுகளுக்கிடையில் பேர் எதுவும் இல்லை.

“சடையன் ஜெயில்ல கடைசியா என்ன தின்னான்?”

“மீன் கொழம்பு” என்றான் சட்டென்று. சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

“நாளைக்குக் காலையில கிளம்பு.”

“எங்க சாமி?”

“பஸ்ஸுக்கு.”

மறுநாள் பஸ்ஸில் நல்ல கூட்டம். அஞ்சுகம் முன்னால் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். சாமி நடுவில் இடம் பிடித்தார். கண்டக்டர் மெஷினைத் தட்டிக்கொண்டே வந்தார்.

“மரகதம் வளைவு. ரெண்டு” என்றார் சாமி.

“எங்க?”

“காது கேக்கலியா? மரகதம் வளைவு.”

“அப்படி ஒரு ஸ்டாப்பிங்கே இல்ல சாமி.”

“இருக்கு. நாலாவது வளைவு.”

“அது சடையன் வளைவு!”

“அவன் வெட்டினானா அந்த வளைவை? அவன் அப்பன் வீட்டுதா?”

பின்சீட்டில் யாரோ சிரித்தார்கள். கண்டக்டருக்கு முகம் கடுத்தது. “காலங்காத்தால உசுர வாங்காதீங்க சாமி. செக்கிங் ஏறினா நான்தான் பதில் சொல்லணும். மெஷின்ல சடையன்னுதான் வரும்.”

“மெஷினுக்கு என்ன தெரியும், நேத்துப் பொறந்தது! உனக்கு வாய் இருக்கில்ல?”

“மரகதம்னா யாருங்க?” என்றான் பக்கத்தில் நின்ற காலேஜ் பையன்.

சாமி பதில் சொல்வார் என்று தணிகாசலம் பார்த்தான். சாமி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

“கொய்யாப்பழக்கார மரகதமா?” என்றது ஒரு குரல். மூன்று சீட் தள்ளி, மடியில் பையோடு ஒரு பெரியவர். “நாலாவது வளைவுல கூடை வெச்சிருப்பாளே, அவளா?”

சாமி தலையை ஆட்டினார்.

“அட! அவளா? நாலாப் பொளந்து மொளகாப் பொடி தூவித் தருவா. பஸ் நின்னாப் போதும், ஜன்னலுக்குள்ள கை வந்துரும்.”

“செவப்புக் கொய்யா” என்றாள் எதிர் சீட்டுக் கிழவி.

“வெள்ளைம்மா.”

“உனுக்குக் கண்ணு எங்க இருந்துச்சோ! செவப்பு. எம் புருசன் வாங்கித் தந்தாரு. கல்யாணமான புதுசுல, மொத மொதல்ல அவரு எனக்கு வாங்கித் தந்ததே அதான்.”

“அப்ப உனக்கு எல்லாமே செவப்பாத்தான் தெரிஞ்சிருக்கும்!”

பஸ் சிரித்தது. கிழவியும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“சில்லறை குடுக்கறதுக்குள்ள பஸ் கிளம்பிடும்” என்றார் பெரியவர். “கூடவே ஓடியாந்து மீதியை ஜன்னல் வழியா வீசுவா. ஒரு தடவை என் மடியில விழறதுக்குப் பதிலா சம்பந்தி அம்மா மடியில விழுந்துடுச்சு. அந்தம்மா கடைசி வரைக்கும் திருப்பித் தரல.”

“என் லாரி அங்கதான் கொதிக்கும்” என்றார் சாமி. யாரிடமும் சொல்வதுபோல் இல்லை. “எப்பவும் நாலாவது வளைவுதான். ரேடியேட்டர் ஆவி விட்டதும் கொடம் தூக்கிட்டு வருவா. ‘உன் வண்டிக்கு என்னைவிட வயசு ஜாஸ்தி, ஏன் மாமா அதைப் போட்டு அடிக்கிற’ம்பா. தண்ணிக்குக் காசு குடுத்தா வாங்க மாட்டா. பழம் வாங்காமப் போனா வையிவா. அப்பல்லாம் அந்த ரோட்டுல வெயில்கூட மெதுவாத்தான் ஏறும்.”

தணிகாசலம் அவரைத் திரும்பிப் பார்த்தான். இத்தனை வருஷத்தில் சாமி ஒரே மூச்சில் இவ்வளவு பேசி அவன் கேட்டதில்லை.

ஓட்டுகிறவர் கண்ணாடியில் பார்த்துக் கத்தினார். “எங்கப்பாவும் இதே ரூட்டுதான் சாமி. அவரு டிபன் தூக்குல தெனம் ரெண்டு கொய்யா இருக்கும். அது இந்தம்மா குடுத்ததுன்னு இப்பத்தான் தெரியுது.”

முன் சீட்டில் அஞ்சுகம் திரும்பவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்த கை மட்டும் தெரிந்தது. கண்டக்டர் அவளிடம் போனார். தினம் ஏறுகிறவள். கேட்காமலேயே மெஷினைத் தட்டப் போனார்.

“இரு தம்பி” என்றாள். “மரகதம் வளைவு. ஒண்ணு.”

கண்டக்டர் மெஷினைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். அதில் சடையன் பேர்தான் இருந்தது. அவர் வாய் மட்டும் அந்தப் பேரைச் சொல்லவில்லை.

வளைவில் மூன்று பேரும் இறங்கினார்கள். அங்கே ஒரு டீக்கடை. பலகையில் ‘சடையன் டீ ஸ்டால்’. இரண்டு பையன்கள் கழுத்தில் துண்டைச் சுற்றி நாக்கைத் தொங்கவிட்டு செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். தணிகாசலத்துக்குக் கூசியது. அதில் ஒருவன் அவனை அடையாளம் கண்டு, “அண்ணே, சூப்பர்ண்ணே உங்க கதை!” என்று கட்டைவிரலைத் தூக்கியபோது இன்னும் கூசியது.

அஞ்சுகம் மேலே ஏறும் ஒற்றையடிப் பாதையில் கால் வைத்தாள். தணிகாசலம் பின்னால் ஓடினான்.

“ஒண்ணு கேக்கலாமாம்மா?”

அவள் நின்றாள். எதைக் கேட்கப் போகிறான் என்று தெரிந்தவள்போல முகத்தை இறுக்கிக்கொண்டாள்.

“அம்மா எப்படிக் கூவி விப்பாங்க?”

“என்னது?”

“நானும் கூவிப் பொழைச்சவன்தான். ஒவ்வொருத்தருக்கும் ஒரு ராகம் இருக்கும். உங்கம்மாவோடது எப்படி?”

அவள் ரோட்டுப் பக்கம் திரும்பினாள். பிறகு கையை வாயருகே குவித்தாள்.

“கொய்யாய்ய்... மலக்கொய்யாய்ய்! கடிச்சாக் கடுக்கும், மென்னா இனிக்கும், மிச்சம் வெச்சா மாமியா திட்டும்!”

டீக்கடைப் பையன்கள் திரும்பிப் பார்த்தார்கள். அஞ்சுகம் சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

“கடைசியில ‘திட்டும்’னு இழுப்பா பாருங்க, அடுத்த வளைவு வரைக்கும் கேக்கும். நான் அடுத்த வளைவுல நிப்பேன். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது. சத்தம் கேட்டா, அம்மா இன்னும் விக்குறான்னு அர்த்தம். கேக்கலைன்னா பழம் தீந்துடுச்சு, ஓடிப்போய் வெறுங்கூடையைத் தலையில கவுத்துக்கலாம்.”

“இன்னொரு தடவை சொல்லும்மா” என்றான்.

அவள் சொன்னாள். அவன் கூடவே சொன்னான். ‘திட்டும்’ சரியாக வரவில்லை. திருத்தினாள்.

“சொல்லட்டுமா, பௌர்ணமிக்கு?”

“துண்டு இல்லாம சொல்லுவீங்களா?”

“சொல்றேன்.”

திரும்பும்போது சாமி டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து டீயைத் திட்டிக்கொண்டிருந்தார். சர்க்கரை போதவில்லையாம்.

பௌர்ணமி வந்தது. விளக்கு வைக்கும் நேரத்தில் வேனும் வந்தது. புங்கமரத்தடி, மதில், கிணற்று மேடை எல்லாம் தலைகள். தணிகாசலம் இடுப்பு வேட்டியோடு வந்து மைக்கைத் தட்டினான். தோளில் துண்டு இல்லை.

கூவினான்.

அந்தக் கூவலுக்குக் கூட்டம் திடுக்கிட்டது, பிறகு சிரித்தது. வளைவைச் சொன்னான். கூடையைச் சொன்னான். மிளகாய்ப் பொடி, ஜன்னல் வழியாக வீசும் சில்லறை, சம்பந்தி அம்மா மடி, கொதிக்கிற லாரி. சில பெரிசுகள் தலையாட்டின. ஒரு பொம்பளை, “என் கல்யாணத்துக்கு அவ ஒரு கூடை அனுப்பினா” என்று பக்கத்திலிருந்தவளிடம் கிசுகிசுத்தாள்.

கால் மணி போயிற்று. வேன் கும்பல் நெளிய ஆரம்பித்தது. ஒருவன் எழுந்து வேட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டான். இன்னொருவன் செல்லைப் பார்த்தான். மதில்மேல் இருந்தவர்கள் ஒவ்வொருவராகக் குதித்து இறங்கினார்கள். போன மாதத்து ‘ஆ’ தணிகாசலத்தின் காதில் வந்து நின்றது. ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும், அத்தனை பேரும் திரும்ப உட்கார்ந்துவிடுவார்கள். அவனுக்கு அது நன்றாகத் தெரியும்.

மரத்தடியில் அஞ்சுகம் நின்றிருந்தாள். உதடு அசைந்துகொண்டிருந்தது. அவனோடு கூடவே சொல்லிக்கொண்டு வருகிறாள்.

அவன் கொய்யாவை நாலாகப் பிளக்கும் விதத்தைச் சொன்னான்.

“யோவ்!” என்று வேன்காரன் ஒருவன் கத்தினான். “அவ எப்படிச் செத்தா, அதைச் சொல்லுய்யா! சடையன் எப்ப வருவான்?”

தணிகாசலம் சாமியைப் பார்த்தான்.

சாமி சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். திறக்கவில்லை.

“உக்காருடா” என்றார். “அவ இன்னும் பழம் வித்து முடிக்கல.”