மரத்தின் மேலே ஒரு சாட்சி

அத்திமரக் குட்டையில் கோடைக்காலத்துக்கென்று ஒரு கட்டுப்பாடு உண்டு. மான்கள் தண்ணீர் குடிக்கும்போது நெட்டைவாலன் என்ற குரங்கு மரத்தின் உச்சியில் காவல் இருக்க வேண்டும். சிறுத்தையின் தலை தெரிந்தால் "கெக்! கெக்!" என்று கத்த வேண்டும். குரங்கு தரையில் இறங்கினால் மான்கள் மோப்பம் பிடித்து, காலை உதைத்து எச்சரிக்க வேண்டும்.

சிவப்பி என்ற புள்ளிமானுக்கு அந்த ஆண்டுதான் முதல் குட்டி பிறந்திருந்தது. காவலை நம்பித்தான் அதைக் குட்டைக்கு அழைத்து வந்தாள்.

குட்டி தண்ணீரில் வாய் வைத்தது. புதரிலிருந்து சிறுத்தை பாய்ந்தது! சிவப்பி குட்டியை முட்டித் தள்ளிக்கொண்டு ஓடினாள். உயிர் தப்பியது. ஆனால் குட்டியின் தொடையில் நான்கு நகக்கீறல்கள்.

சிறுத்தை ஏமாந்து போன பிறகு, சிவப்பி மரத்தடிக்குத் திரும்பி வந்தாள். நெட்டைவாலன் கிளையில் சம்மணம் போட்டு, கண்களைப் பாதி மூடி உட்கார்ந்திருந்தான்.

"அண்ணே, சிறுத்தையை நீங்க பார்க்கலையா?"

"பார்த்தேனே! மீசையிலிருந்து வால் நுனி வரைக்கும் பார்த்தேன்!"

"அப்புறம் ஏன் கத்தலை?"

"போன வாரம் இந்த வழியா ஒரு சாமியார் போனார், தாயே. நாம யாரும் எதையும் செய்யறதில்லை, எல்லாம் அவன் செயல்னு சொன்னார். நான் வெறும் சாட்சி!"

"சாட்சியா? என் குட்டிக்குத் தொடை கிழிஞ்சு கிடக்கு!"

"அதுவும் அவன் செயல்!"

"நேத்து மரத்துப் பழத்தையெல்லாம் தின்னு தீர்த்தது யாரு?"

"வாய் தின்னுச்சு. நான் பார்த்துக்கிட்டிருந்தேன்."

சிவப்பிக்கு வந்த எரிச்சலில் மரத்தையே முட்டிச் சாய்த்துவிடலாம் போலிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு குட்டியின் காயத்தை நக்கப் போனாள்.

மூன்றாம் நாள் நெட்டைவாலன் உதிர்ந்த பழம் பொறுக்கத் தரையில் இறங்கினான். காற்று திசை திரும்பியது. சிவப்பியின் மூக்கில் சிறுத்தையின் வாடை ஏறியது. நாமும் சாட்சியாக நின்று பார்த்தால் என்ன என்று அவளுக்கு ஆசை வந்தது. ஆசை முழுதாக வருவதற்குள் கால் தரையை உதைத்துவிட்டது.

"ஓடுங்கண்ணே!"

நெட்டைவாலன் ஒரே தாவில் உச்சிக் கிளைக்குப் போய்விட்டான். சிறுத்தை வெறும் மண்ணைப் பிறாண்டிவிட்டுப் போனது.

சிறுத்தை மறைந்ததும் மேலேயிருந்து குரல் வந்தது. "தாயே, நீதான் என்னைக் காப்பாத்தினே!"

"நான் எங்கே காப்பாத்தினேன்? யோசிக்கிறதுக்குள்ள கால் உதைச்சிடுச்சு. எல்லாம் அவன் செயல்தான் அண்ணே, ஒத்துக்கறேன். இன்னிக்கு அவன் என் காலைக் கேட்டான், கொடுத்தேன். அன்னிக்கு என் குட்டிக்காக உங்க தொண்டையைக் கேட்டிருப்பான். நீங்கதான் கொடுக்கலை!"



மறுநாள் மான்கள் குட்டைக்கு வந்ததுமே "கெக்! கெக்!" என்று மரமே அதிர்ந்தது. எல்லாரும் சிதறி ஓடினார்கள். வந்தது ஒரு முயல்! சிவப்பி தலையில் அடித்துக்கொள்ளாத குறைதான். ஆனாலும் குட்டியைத் தண்ணீர் குடிக்க விட்டாள்.

செய்ததன் பெருமையை ஆண்டவனிடம் விட்டுவிடலாம். செய்யாமல் விட்ட கடமையை அவன் தலையில் கட்டக்கூடாது.